ஹொரைசன்: ஒரு குழப்பமான தொடரும் ஒரு கட்டுரை நோட்டும்



போன பதிவில் மாடித்தோட்டத்துப் பாகற்காயைப் பற்றி எழுதியிருந்தேன். இன்றைக்கு விஷயம் வேறு. ஒரு ஜப்பானிய அனிமே தொடரைப் பற்றி எழுதப் போகிறேன். "டீச்சருக்கு இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று சிரிக்காதீர்கள். பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

தொடரின் பெயர் "கியோகாய்சென்ஜோ நோ ஹொரைசன்". ஆங்கிலத்தில் "ஹொரைசன் இன் தி மிடில் ஆஃப் நோவேர்". மினோரு கவகாமி என்பவர் 2008 முதல் எழுதிய நாவல் வரிசை அது. சன்ரைஸ் நிறுவனம் மனாபு ஓனோ இயக்கத்தில் 2011-ல் 13 அத்தியாயம், 2012-ல் 13 அத்தியாயம் என்று படமாக எடுத்தது. மொத்தம் 26. ஏறக்குறைய பத்து மணி நேரம். கல்லூரி முதலாண்டு படிக்கும் என் பேரன்தான் பார்க்கச் சொன்னான். "ஆச்சி, நீங்க பாத்தா கண்டிப்பா திட்டுவீங்க. ஆனா முழுசா பாத்துட்டுத் திட்டுங்க" என்றான். பார்த்துவிட்டேன். திட்டவும் போகிறேன்.

முதலில் கதையை வகுப்பில் சொல்வதுபோல் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். தொடரில் இப்படி யாரும் சொல்ல மாட்டார்கள்.

எதிர்காலத்தில் மனிதர்கள் பூமியை விட்டு விண்ணுக்குப் போகிறார்கள். அங்கே சண்டை போட்டு, இருந்த சக்தியெல்லாம் தொலைத்து, திரும்பி வருகிறார்கள். வந்து பார்த்தால் பூமியில் ஜப்பான் மட்டும்தான் வாழத் தகுந்த இடமாக இருக்கிறது. இடம் போதாமல் ஜப்பானைப் போலவே இன்னொரு பிரதியை வேறொரு வெளியில் உண்டாக்குகிறார்கள். அது ஒருநாள் உடைந்து விழுகிறது. உலக நாடுகள் எல்லாம் ஜப்பான் மண்ணையே பங்கு போட்டுக்கொள்கின்றன. சொந்த ஊர்க்காரர்களுக்கு மிஞ்சியது முசாஷி என்ற ஒரு பறக்கும் நகரம். எட்டுக் கப்பல்களைச் சேர்த்துக் கட்டிய ஊர். முசாஷி என்பது இன்றைய டோக்கியோவை உள்ளடக்கிய பழைய மாகாணத்தின் பெயர்.

இனிமேல்தான் வேடிக்கை. மறுபடி விண்ணுக்கு உயர வேண்டுமானால், மனித குலத்தின் பழைய வரலாற்றை அப்படியே திரும்ப நடத்த வேண்டும் என்று நம்புகிறார்கள். அதற்கு ஒரு வரலாற்று நூல் இருக்கிறது. அடுத்த நூறு வருடத்து வரலாறு அதில் தானாகவே பதிவாகிக்கொண்டு வரும். அந்தப் பதிவு 1648-ஓடு நின்றுபோனது. கதை நடப்பதும் அதே 1648-ல். அடுத்த பக்கம் இல்லாததால் உலகம் முடியப் போகிறது என்ற பயம் எல்லோருக்கும்.

பழைய மனிதர்களின் வேடத்தை யாராவது ஏற்க வேண்டுமே? அதற்குப் 'பெயர் ஏற்பு' என்று ஒரு முறை. ஒருவர் எலிசபெத் ஆகிறார், ஒருவர் கலிலியோ ஆகிறார், ஒருவர் போப் ஆகிறார். நாடுகளை ஆள்வதோ பள்ளிக்கூடங்கள். போப் ஆண்டவரே ஒரு மாணவர்தான்! மற்ற நாடுகளில் மாணவராக இருக்க வயது வரம்பு கிடையாது.

புரிந்ததா? புரியவில்லை என்றாலும் பரவாயில்லை. எனக்கே மூன்று அத்தியாயம் ஆனது.

இப்போது குறைகளுக்கு வருகிறேன்.

முதல் அத்தியாயத்தில் ஒரு வகுப்பு நடக்கிறது. டீச்சர் தெருவிலும் கூரைமேலும் ஓடுகிறார். போய்ச் சேருவதற்குள் யாராவது என்மேல் ஓர் அடி வைத்துவிடுங்கள் பார்க்கலாம் என்று மாணவர்களுக்குச் சவால். ஒவ்வொருவராகப் பாய்கிறார்கள். ஒவ்வொருவர் பாயும்போதும் பெயரும் பதவியும் திரையில் வருகிறது. நிஞ்சா ஒருவன், இறக்கை முளைத்த இரண்டு மந்திரக்காரிகள், டிராகன் ஒருவன், கூழ் மாதிரி வழியும் ஒருவன், தலைப்பாகை கட்டி எப்போதும் கறியைப் பற்றியே பேசும் ஒருவன் (நம்ம ஊர்க்காரன் என்று நினைத்து வரைந்திருப்பார்கள் போலும்). பழைய நாற்பது பக்க நோட்டில் வருகைப் பதிவேடு போல எழுதிக்கொண்டே வந்தேன். இருபது பெயர் எழுதியபோது கை வலித்தது. முதல் நாளே யாராவது வகுப்பை இப்படி அறிமுகம் செய்வார்களா?

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாலபாடம்: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ, எளிமையிலிருந்து கடினத்துக்குப் போ. இவர்கள் நேர்மாறு. ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயர், ஏற்ற பெயர், பதவிப் பெயர், பட்டப்பெயர். ஆயுதங்களுக்குக் கிரேக்கத்தில் பெயர். ஸ்பெயின்காரருக்கு ஸ்பானியத்தில் பெயர். விளக்கம் எப்போது வருகிறது என்றால், வாளை ஓங்கிய பிறகு. வாள் நடுவழியில் நிற்க, பொருளாதாரமும் சட்டமும் பேசுகிறார்கள். ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் புத்தகங்களும் உள்ள நாவல் வரிசையின் முதல் இரண்டு கதைகளை 26 அத்தியாயத்தில் அடைத்தால் வேறென்ன ஆகும்? பத்துப் பேர் சாப்பாட்டை ஒரே டிபன் பாக்ஸில் திணித்த கதைதான். அத்தோடு படமும் நின்றுவிட்டது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பெண் பிள்ளைகளை வரைந்திருக்கும் விதமும், கதாநாயகனின் சில சேட்டைகளும் எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் போடாதீர்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் 26 அத்தியாயமும் பார்த்தேன் என்று கேட்பீர்கள். மூன்று காரணம்.

முதலாவது, ஒரு கட்டுரை. அந்த வகுப்பில் சுசு என்று ஒரு பெண். கண் தெரியாது. அதிர்ந்து பேசமாட்டாள். மற்றவர்கள் வெடிவைத்துக்கொண்டிருக்கும்போது ஓரமாக இருப்பவள். டீச்சர் "எனக்கு என்ன செய்ய வேண்டும்" என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார். நம் பாஷையில், நீ மற்றவர்களிடம் எதை எதிர்பார்க்கிறாய் என்று. சுசு எழுதியதைத் தோழி ஒருத்தி எழுந்து படிக்கிறாள். சின்ன வயதில் பள்ளியில் சேர்ந்த அன்று அம்மா அப்பாவால் வர முடியவில்லை, பள்ளிக்கூடத்து வாசலில் பெரிய படிக்கட்டு, ஏறத் தெரியாமல் நின்றேன், இரண்டு பேர் வந்து என் கையைப் பிடித்தார்கள் என்று போகிறது. ஒருவன் கதாநாயகன் டோரி. இன்னொருத்தி ஹொரைசன். அந்த ஹொரைசனுக்குத்தான் இப்போது மரண தண்டனை விதித்திருக்கிறார்கள். அவளைக் காப்பாற்று என்பதுதான் அந்தக் கட்டுரையின் முடிவு.

அத்தனை வாள், அத்தனை கப்பல், அத்தனை விவாதம். கதையைத் திருப்பியது கடைசி பெஞ்ச் பிள்ளையின் கட்டுரை நோட்டு. அறுபது பிள்ளைகள் உட்கார்ந்த வகுப்புகளில் நின்றவள் நான். கூட்டத்தில் சத்தம் போடுகிறவர்கள் பெயர் முதல் வாரத்திலேயே மனப்பாடமாகிவிடும். பேசாத பிள்ளை யாரென்று கட்டுரை நோட்டைத் திருத்தும்போதுதான் தெரியும். இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று புரியும்.

இரண்டாவது, அந்தப் பெயர் விவகாரம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்று உங்களுக்கு நடத்தியிருக்கிறேன். தாத்தா பெயரைத் தாங்குகிறவன். நம் வீடுகளில் பெயரைத்தான் கொடுக்கிறோம், தலையெழுத்தைக் கொடுப்பதில்லை. இந்தக் கதையில் தலையெழுத்தும் சேர்ந்தே வருகிறது. வரலாற்றில் ஸ்காட்லாந்து அரசி மேரியை 1587-ல் சிரச்சேதம் செய்தார்கள். ஆகவே அந்தப் பெயரை ஏற்ற பெண்ணும் தலையைக் கொடுத்தாக வேண்டும். அவளும் சம்மதித்து நிற்கிறாள். அந்த நிஞ்சாப் பையன் போய், புத்தகத்தில் என்ன எழுதியிருந்தால் என்ன, எனக்கு நீ வேண்டும் என்று கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறான். 1588-ல் ஸ்பானியக் கடற்படை தோற்ற போரை வானத்தில் மறுபடி நடத்துகிறார்கள். தோற்கப் போவது தெரிந்தே வருகிறார்கள் ஸ்பெயின்காரர்கள். தெரிந்த தோல்வியை எப்படிக் கௌரவமாகச் சந்திப்பது என்பதுதான் அவர்கள் கவலை. வருடத்தையும் போரையும் மனப்பாடம் செய்யச் சொல்லி உங்களைப் படுத்தியவள் நான். வரலாறு தெரிந்திருப்பது வேறு, அதற்குக் கட்டுப்பட்டுக் கிடப்பது வேறு என்று இந்தத் தொடர் அழகாகக் காட்டுகிறது.

மூன்றாவது காரணத்தைத்தான் சொந்தக்காரர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். பேரனிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகே எழுதுகிறேன்.

கதாநாயகன் டோரிக்குப் பட்டப்பெயரே 'முடியாதவன்'. படிப்பு வராது, சண்டை வராது. மாணவர் தலைவனாக அவனை வைத்திருப்பதே அவனால் ஒன்றும் முடியாது என்பதற்காகத்தான். எந்நேரமும் சிரிப்பு, கோமாளித்தனம். பிறகு அவன் ஓர் ஒப்பந்தம் செய்கிறான். தன்னிடம் சேரும் சக்தியை நண்பர்கள் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கலாம். அதற்கு ஒரு நிபந்தனை: அவன் சோகப்படக் கூடாது. சோகப்பட்டால் அந்தக் கணமே உயிர் போய்விடும்.

ஹொரைசன் கதை இதற்கு எதிர். பத்து வருடம் முன்பு விபத்தில் இறந்த பெண். இப்போது இயந்திர உடம்பில் இருக்கிறாள். அவள் உணர்ச்சிகளையெல்லாம் பிரித்தெடுத்து ஆயுதங்களாக்கி நாடுகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அழவும் தெரியாது, கோபிக்கவும் தெரியாது. முதல் பருவத்தின் முடிவில் அவளுக்குத் திரும்பக் கிடைக்கும் முதல் உணர்ச்சி எது தெரியுமா? மகிழ்ச்சி இல்லை. சோகம்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. நான்காம் நூற்றாண்டில் எவாக்ரியஸ் என்ற கிறிஸ்தவத் துறவி, மனிதனைக் கெடுக்கும் எண்ணங்கள் எட்டு என்று ஒரு பட்டியல் போட்டார். அதில் சோகமும் ஒன்று. இரு நூற்றாண்டு கழித்துப் போப் முதலாம் கிரகோரி அந்தப் பட்டியலை மாற்றியமைத்தார். இன்று எல்லோரும் சொல்லும் ஏழு பாவங்களில் சோகம் தனியாக இல்லை. கவகாமி அந்தப் பழைய பட்டியலைத்தான் எடுத்திருக்கிறார். சோகம் பாவம் என்று ஒதுக்கிய உலகத்தில், அதைத்தான் முதலில் திருப்பிக் கொடுக்கிறார்.

போன ஆவணியில் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொந்தங்களுக்குத் தெரியும். மருமகன் போய்ச் சேர்ந்தார். வயது 47. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, நாற்காலி போட்டு, பந்தலுக்குக் கணக்குப் பார்த்து, பதினாறாம் நாள் வரை சிரித்த முகமாக நின்றவன் என் பேரன். "என்ன தைரியம் இந்தப் பையனுக்கு" என்று ஆள் மாற்றி ஆள் பாராட்டினார்கள். "நீ அழுதா அம்மா ஒடைஞ்சு போயிருவா, பாத்துக்கோ" என்று காதில் சொல்லிவிட்டும் போனார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. அன்பினால் சொன்னதுதான். ஆனால் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு ஜோக் அடிப்பதை நிறுத்தவே இல்லை. எட்டு மாதம்.

டோரியின் ஒப்பந்தம் வரும் அத்தியாயத்தை நாங்கள் சேர்ந்து பார்த்தோம். "இவன் யார்கிட்டல கையெழுத்துப் போட்டான் இப்படி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "யார்கிட்டயும் இல்ல ஆச்சி. எல்லாரும் சொன்னாங்க, அவன் சரின்னுட்டான்" என்றான். தொடரைப் பற்றிய பேச்சில்லை அது என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் டிவியை நிறுத்தவும் இல்லை, அறிவுரை சொல்லவும் இல்லை. அவன் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு இரவு அவன் அழுதான். அவன் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் உடைந்து போகவில்லை. எட்டு மாதத்தில் முதல் முறையாக அன்றைக்குத்தான் இருவரும் அவரைப் பற்றிப் பேசினார்கள்.

ஆகவே என் மதிப்பெண்: கதை சொல்லும் முறைக்கு 100-க்கு 35, தேர்ச்சி மட்டும். கதைக்குள் இருக்கும் மனதுக்கு 85. பார்க்க விரும்புகிறவர்கள் முதல் 13 அத்தியாயம் பாருங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மறந்தால் கவலைப்படாதீர்கள். டோரி, ஹொரைசன், சுசு மூன்று பேரைப் பிடித்துக்கொண்டால் போதும், கரை சேர்ந்துவிடலாம்.

சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும், அங்கே ஓடியாடி வேலை செய்யும் பையனைப் பார்த்தால் தைரியசாலி என்று தட்டிக்கொடுத்துவிட்டு வராதீர்கள். அவன் கையில் இருக்கும் தண்ணீர்ச் சொம்பை நீங்கள் வாங்கிக்கொண்டு, அவனைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லுங்கள்.

பிள்ளைகளே, உங்களில் யாராவது இந்தத் தொடரைப் பார்த்திருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். அந்த ஸ்பெயின்காரர்களில் யார் யாருக்கு என்ன பதவி என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. தெரிந்தவர்கள் விளக்கலாம். எழுத்துப்பிழை இல்லாமல்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்