லாச்சிக்குள் ஒரு பிளொப்பி

சென்ற வாரம் மேசை லாச்சியைத் துப்புரவு செய்தபோது மூன்றரை அங்குல பிளொப்பித் தட்டொன்று அகப்பட்டது. 'நெட் பூட்' என்று நீல மையால் எழுதியிருந்தது. சோனி நிறுவனம் 2011 இல் யப்பானில் இவற்றின் விற்பனையை நிறுத்திவிட்டது. இதை வாசிக்கும் கருவியும் இப்போது என்னிடம் இல்லை. ஆயினும் எறிந்துவிட மனம் வரவில்லை.

2001 ஆம் ஆண்டு. கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகத்தில் எனது கணினி ஒருநாள் காலை விண்டோஸ் 98 ஐத் திறக்க மறுத்தது. கட்டுரைகள், ஸ்கான் செய்த படங்கள் என ஏறத்தாழ 60 மெகாபைட் அதற்குள் இருந்தது. அவற்றுள் ஒன்று, முதிய அண்ணாவியார் ஒருவருடனான நீண்ட நேர்காணல். அது அச்சேறுமுன்னரே அவர் காலமாகிவிட்டார். ஒலிநாடாவிலோ நான் வேறொரு கூட்டத்தைப் பதிவு செய்துவிட்டேன். வேறு பிரதி இல்லை.

கணினி திருத்த வந்த தம்பி பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஹாட் டிஸ்க் சாகேல்லை அண்ணை, விண்டோஸ்தான் செத்துப்போச்சு."

அக்கணினியில் சீடி எழுதும் வசதி இல்லை. பிளொப்பி ஒன்றின் கொள்ளளவு 1.44 மெகாபைட். நாற்பதுக்கு மேல் வேண்டும். பெரிய படங்கள் ஒன்றினுள் அடங்கவும் மாட்டா. வலையமைப்பு வழியாக அடுத்த மேசைக் கணினிக்கு அனுப்பலாம். ஆனால் வலையமைப்பை இயக்குவது விண்டோஸ் அல்லவா? அதற்காகத்தான் இந்த பிளொப்பி.

டொஸ் 6.22 இல் அவர் செய்த முதல் தட்டு கணினியை எழுப்பியது. ஆனால் சி டிரைவ் தெரியவில்லை. என் வயிறு கலங்கியது. வன்தட்டு ஃபாட் 32 முறையில் அமைந்தது, பழைய டொஸ் அதனை அறியாது என்றார். பின்னர் விண்டோஸ் 98 கணினியொன்றில் தொடக்கத் தட்டைச் செய்து, தேவையற்றவற்றை அழித்து, வலையமைப்பு அட்டைக்கான டிரைவரையும் மைக்ரோசொஃப்டின் டொஸ் வலையமைப்பு மென்பொருளையும் அதில் நெருக்கி அடக்கினார். பயோஸில் ஏ டிரைவை முதலில் வாசிக்கும்படி மாற்றினார். 'நெட் யூஸ்' கட்டளையை இட்டதும் அடுத்த மேசைக் கணினியின் பகிர்வுக் கோப்புறை புதிய டிரைவாகத் தோன்றியது.

கோப்புகள் வந்து சேர்ந்தன. ஆனால் டொஸ் நீண்ட பெயர்களை எட்டு எழுத்துகளாகக் குறுக்கியிருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து தேடினேன். நேர்காணல் அகப்பட்டது, ஆனால் திரையில் புரியாத குறியீடுகள். யுனிகோடு எம்மிடையே பரவாத காலம். என் கணினியிலிருந்த தமிழ் எழுத்துருவையும் எடுக்க மறந்திருந்தோம். மறுபடியும் அதே பிளொப்பியைப் போட்டு எழுத்துருவையும் எடுத்த பின்னரே அண்ணாவியாரின் பேச்சு தமிழாயிற்று. மறுவாரம் அது அச்சேறியது.

அன்று முதல் எதை எழுதினாலும் வேறோரிடத்தில் ஒரு பிரதி வைத்துக்கொள்கிறேன். பிளொப்பி மீண்டும் லாச்சிக்குள் போய்விட்டது.