நிலாவெளி வீதியில் நான் பரப்பிய கதை

பேர்காராவில் இருந்த ஜேர்மன் வானொலி நிலையம் ஓர் உளவு நிலையம் என்று திருகோணமலையில் கதை கட்டியவர்களில் நானும் ஒருவன். சும்மா ஒருவன் அல்ல, முன்னணியில் நின்றவன். அப்போது நான் விஞ்ஞான ஆசிரியர். நான் சொன்னால் சனம் நம்பும்.

நிலாவெளிக்கு வடக்கே, கடலை ஒட்டி, ஜேர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டொய்ச்ச வெல்ல அந்த மறுஒலிபரப்பு நிலையத்தை 1984இல் தொடங்கியது. 250 கிலோவாற் சிற்றலைக் கருவிகள் மூன்று, 400 கிலோவாற் மத்திய அலைக் கருவி ஒன்று என்று பின்னாளில் வாசித்து அறிந்தேன். ஜேர்மனியிலிருந்து வரும் நிகழ்ச்சிகளை வாங்கி ஆசிய நாடுகளுக்கு அனுப்புவதுதான் வேலை. இதை அன்றைக்கே யாரிடமாவது விசாரித்திருக்கலாம். கோபுரங்களும் அவற்றுக்கிடையே தொங்கிய கம்பி வலையும் என் கற்பனைக்குப் போதுமாக இருந்தன.

காலமும் எனக்குத் துணை நின்றது. அமெரிக்காவின் வாய்ஸ் ஒஃப் அமெரிக்காவுக்கு இலங்கையில் இடம் கொடுக்க 1983 கடைசியில் ஒப்பந்தம் ஆகியிருந்தது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் ஆருக்கு என்ற இழுபறி வேறு. முழு உலகமும் எங்கள் துறைமுகத்தில்தான் கண் வைத்திருக்கிறது என்று நம்புவதில் எங்களுக்கு ஒரு பெருமையும் இருந்தது. "ஜேர்மன்காரன் அமெரிக்கனுக்குத்தான் கேட்டுக் குடுக்கிறான்" என்று தேத்தண்ணிக்கடையில் தொடங்கினால் வாங்கு நிறைந்துவிடும். நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசுகிறார்கள் என்பது என் சொந்தக் கைச்சரக்கு. சில மாதம் கழித்து வேறொருவர் அதையே எனக்குப் புதினமாகச் சொன்னபோது, "அப்படியா?" என்று கேட்டு வைத்தேன்.

"றேடியோ எண்டால் எங்களுக்கு ஏன் கேக்கேல்லை?" இதுதான் என்னுடைய பெரிய ஆதாரம். சிற்றலை மேலே போய் அயனமண்டலத்தில் பட்டுத் தெறித்து, நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால்தான் இறங்கும்; பக்கத்து ஊருக்குச் சரியாகக் கேட்காது. இதை வகுப்பில் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்தவன் நான். மத்திய அலை கேட்கத்தான் செய்தது. ஆனால் அந்த வானொலியில் ஹிந்தியும் உருதுவும் வங்காளமும் இருந்தன, தமிழ் இல்லை. யார் திருப்பிப் பார்ப்பார்கள்? அதோடு, ஒட்டுக்கேட்க வந்தவன் காதைக் கொண்டுபோய்த் தவிலுக்குப் பக்கத்தில் வைப்பானா? அவ்வளவு பெரிய ஒலிபரப்புக் கருவிகளை முழக்கிக்கொண்டு, அதே காணிக்குள் இருந்து மெல்லிய சமிக்ஞைகளைப் பிடிப்பது சிரமம். இதுவும் எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொன்னால் கதை செத்துவிடும் என்பதும் தெரியும்.

1987 யூலை 29இல் இலங்கை-இந்திய ஒப்பந்தம் ஆனபோது ராஜீவ் காந்தி ஜெயவர்த்தனாவுக்குக் கொடுத்த கடிதத்தில், வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களுடனான உடன்பாடுகளை இலங்கை மீளாய்வு செய்யும் என்றும், அவை இராணுவத்துக்கோ உளவுக்கோ பயன்படாமல் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்தது. பத்திரிகையில் அந்தப் பகுதியை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பேர்காராவின் பெயர் அதில் இல்லை. உளவு நடந்தது என்றும் இல்லை. வாசித்துக் காட்டும்போது "உளவு" என்ற இடத்தில் குரலை உயர்த்துவேன். மற்றதை விழுங்கிவிடுவேன்.

இதெல்லாம் வெறும் வாய்ச்சவடால் என்றால் எழுத மாட்டேன். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் அந்த நிலையத்தில் கூலிக்கு நின்றார். கம்பிகளுக்குக் கீழே புல்லும் பற்றையும் வெட்டுவது அவர் வேலை. ஒரு பின்னேரம் படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டார். உள்ளே வரவில்லை. கையில் அச்சடித்த ஒரு நிகழ்ச்சி அட்டவணை; அங்கே கிடந்ததை எடுத்து வந்திருக்கிறார். "மாஸ்டர், பாருங்கோ, நேரமும் போட்டிருக்கு. நான் புல்லுத்தான் வெட்டுறன். உளவெண்டு சொல்லாதேங்கோ. ஒரு பக்கம் ஆமி, ஒரு பக்கம் பொடியள். நான் பிள்ளைகுட்டிக்காரன்."

அந்தக் காலத்தில் ஒருவன்மேல் அந்தச் சொல் ஒட்டினால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. நான் அட்டவணையை வாங்கிப் பார்த்து, "இதெல்லாம் வெளிப்பூச்சு" என்று சிரித்தேன். அவர் அதைத் திரும்ப வாங்கி நாலாக மடித்துக்கொண்டு போனார். மாரி தொடங்க முன்பே வேலையை விட்டுக் கரைவலைக்குப் போய்விட்டார். 1990இல் சண்டை மூண்டபோது அந்தக் குடும்பம் இடம்பெயர்ந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வாய்ப்பு இருந்த காலத்திலும் கேட்கவில்லை.

2011இல் டொய்ச்ச வெல்ல சிற்றலை ஒலிபரப்பைப் பெரிதும் குறைத்தது. 2013இல் நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. நான் சொன்ன உளவுக்கு ஒரு துண்டு ஆதாரமும் அன்றும் என்னிடம் இருக்கவில்லை, இன்றும் இல்லை. ஆனாலும் நிலாவெளிப் பக்கம் இளையவர்கள் வாயில் அந்த நீர்மூழ்கிக் கதை இன்னும் கிடக்கிறது. உங்களிடம் யாராவது சொன்னால், அது ஒரு வாத்தியார் தேத்தண்ணிக்கடையில் இருந்து கட்டிய பொய் என்று சொல்லுங்கள். அந்தப் புல் வெட்டினவரின் பிள்ளைகள் எங்காவது இருந்து இதை வாசித்தால், உங்கள் தகப்பன் என்னிடம் சொன்னது முழுக்க உண்மை.