இரும்பை: வந்தவர்களும் தங்கியவர்களும்

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் ஏறி, திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் இறங்கி, கிழக்கே ஆரோவில் பக்கம் திரும்பினால் சிறிது தூரத்திலேயே இரும்பை வந்துவிடும். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்துச் சின்ன ஊர். ஏரியும் வயலும் போக, இந்த ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது மாகாளேஸ்வரர் கோயில். திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம். அம்பாள் பெயரே அழகு: குயில்மொழி நாயகி.

கருவறையில் ஒரு விசேஷம் உண்டு. லிங்கம் வெடித்துப் பிளந்தது. செப்புத் தகட்டால் இறுக்கிப் பிணைத்துத்தான் பூஜை நடக்கிறது. ஏன் வெடித்தது என்பதற்குக் கதை இருக்கிறது. கடுவெளிச் சித்தர் இங்கே அரசமரத்தடியில் கடுந்தவம் இருந்தாராம். மரத்திலிருந்து உதிரும் சருகுதான் அவருக்கு உணவு. நாட்டில் பஞ்சம் வர, சித்தரின் தவச்சூடுதான் காரணம் என்று நினைத்த அரசன், தவத்தைக் கலைக்க ஒரு நடனப் பெண்ணை அனுப்பினான். சருகுக்காக நீட்டிய கையில் அவள் அப்பளத்தை வைத்தாள். (ஒரு மகாமுனிவரின் தவத்தை அப்பளம் கலைத்த கதை வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை!) பிறகு ஒருநாள் கோயிலில் அவள் ஆடும்போது கால் சலங்கை கழன்று விழ, சித்தர் அதை எடுத்து மாட்டிவிட்டார். ஊர் சிரித்தது. அவர் மனம் நொந்து பாட, லிங்கம் வெடித்துச் சிதறியது. சில்லுகள் விழுந்த இடமெல்லாம் புல் பூண்டு முளைக்காது என்பது சாபம். அரசன் மன்னிப்புக் கேட்டதும் சித்தர் சொன்ன விமோசனம்தான் கதையின் சுவாரஸ்யமான பகுதி: பின்னொரு காலத்தில் தூரதேசத்து மக்கள் வந்து இந்த மண்ணைப் பச்சையாக்குவார்கள்.

1968 பிப்ரவரி 28 அன்று, இரும்பைக்குப் பக்கத்து மேட்டில் 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் போட்டு ஆரோவில்லைத் தொடங்கினார்கள். அன்றைய படங்களில் தெரிவது வெறும் செம்மண் பொட்டல். மழை பெய்தால் மண் கரைந்து ஓடைகளில் இறங்கிக் கடலைச் சிவப்பாக்கும். வந்தவர்கள் முதலில் செய்தது, நீர் ஓடாதபடி வரப்பு போட்டதுதான். அப்புறம் கன்று நட்டார்கள், ஆடு மாடு மேயாமல் காவல் காத்தார்கள், பட்டுப்போனதைப் பிடுங்கிவிட்டு மறுபடி நட்டார்கள். இன்று அங்கே நிற்பது காடு. ஊர்க்காரர்கள் சித்தர் வாக்கு பலித்தது என்கிறார்கள். பலித்ததற்கு ஒரு காரணம் கண்முன்னே இருக்கிறது. வந்தவர்களில் பலர் திரும்பிப் போகவில்லை. நட்ட செடிக்கு மறுநாளும் தண்ணீர் ஊற்ற அவர்கள் இருந்தார்கள். கூடவே உள்ளூர்த் தொழிலாளர்களின் கைகளும் இருந்தன. கதையில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

தூரதேசத்திலிருந்து யாராவது வந்து கரையேற்றுவார்கள் என்கிற நம்பிக்கை மண்ணோடு நிற்கவில்லை. குழந்தைகள் விஷயத்திலும் உண்டு. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கொரியா என்று பல நாட்டுத் திருச்சபைகள் பத்து நாள், இரண்டு வாரப் பயணமாக ஏழை நாடுகளின் குழந்தைகள் காப்பகங்களுக்குக் குழுக்களை அனுப்புகின்றன. தமிழ்நாட்டுக்கும் அப்படி வருகிறவர்கள் உண்டு. சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள், பாட்டு சொல்லித் தருவார்கள், பிள்ளைகளைத் தூக்கி வைத்துக் கொஞ்சுவார்கள். விமானம் ஏறும் நாளில் இரண்டு பக்கமும் அழுகை. வருகிறவர்களின் மனசில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேள்வி, அவர்கள் போன மறுநாளைப் பற்றியது.

இரண்டு வயதுக் குழந்தை ஒரு மடியில் பழகுகிறது, மடி போய்விடுகிறது. அடுத்த மாதம் இன்னொரு மடி, அதுவும் போய்விடுகிறது. குழந்தைக்கு ஊட்டச்சத்து எவ்வளவு முக்கியமோ, அதே அளவு முக்கியம் மாறாத ஒரு தாய்முகம் என்று ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் போல்பி உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தது 1951-ல். உலகக் காப்பகங்களில் இருக்கும் குழந்தைகளில் ஐந்தில் நால்வருக்காவது தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள் என்று 'சேவ் த சில்ரன்' அமைப்பு 2009-ல் சொன்னது. பார்க்க வருகிறவர்களும் நன்கொடையும் பெருகினால், காட்டுவதற்குக் குழந்தை தேவைப்படுகிறது. சில நாடுகளில் வறுமையைச் சொல்லிப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுவந்து 'அநாதை' ஆக்கிய கொடுமையும் நடந்தது. ஆஸ்திரேலியா 2018-ல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இதையும் அந்தக் கணக்கில் சேர்த்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமும் காப்பகத் தன்னார்வச் சுற்றுலாவைக் குறிப்பிட்டுக் கவலை தெரிவித்தது.

வறுமை எப்படிப் பிள்ளையைப் பிரிக்கும் என்று புரிய, இரும்பையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை பிடித்து வடக்கே மரக்காணம் போகலாம். கூனிமேடு தாண்டியதும் காற்றில் உப்பு வாசம் ஏறும். பிறகு சாலையோரம் கண்ணாடிச் சதுரங்களாகப் பாத்திகள். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிடுகிறார்கள். அடியில் உப்பு பூத்ததும் நீண்ட கைப்பிடிப் பலகையால் வாரி வரப்பில் குவிக்கிறார்கள். கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவதில் பெண்கள் அதிகம். வெறுங்கால், மேலே வெயில், கீழே உப்பு, எதிரே வெள்ளையின் கூச்சம். பொங்கல் கழிந்து தொடங்கும் வேலை வடகிழக்குப் பருவமழையோடு நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பாத்தியெல்லாம் வெள்ளம், கூலி கிடையாது. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தரும் திட்டம் தமிழக அரசிடம் இருக்கிறது. இப்படி ஒரு வருமானத்தில் அப்பா இறந்துவிட்டால், அம்மா படுத்துவிட்டால், 'சாப்பாடும் படிப்பும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று வாசலில் வந்து நிற்கிறவரிடம் எந்தத் தாய்தான் வேண்டாம் என்பாள்?

இதே கரையில் 2004 டிசம்பர் 26-ல் சுனாமி ஏறியபோது உதவி உலகெங்குமிருந்து வந்தது. குழந்தைகளை அழைத்துப் போய் வளர்க்கிறோம் என்றும் பலர் முன்வந்தார்கள். அரசு அவசரப்பட்டுக் கொடுத்துவிடவில்லை. உறவினரைத் தேடினார்கள், யாருமே இல்லாத பிள்ளைகளுக்கு நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரியில் இல்லங்கள் திறந்தார்கள். அப்போது நாகை கலெக்டராக இருந்த ஜெ.ராதாகிருஷ்ணன், பணி மாறிப் போன பிறகும் அந்த இல்லத்துப் பிள்ளைகளை மனைவியோடு போய்ப் பார்த்து வந்தார். அங்கே வளர்ந்த பெண்களின் கல்யாணத்தில் குடும்பத்துப் பெரியவராக முன்னே நின்றார். செய்தியில் படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.

வெளிநாட்டுத் திருச்சபைப் பணியாளர் என்றாலே பத்து நாள் பயணம்தான் என்றும் நினைத்துவிட வேண்டாம். தமிழ்நாட்டின் தென்கோடியில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், களக்காடு பக்கம் டோனாவூர் இருக்கிறது. வட அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் இந்தியா வந்தது 1895-ல். வந்த வேலை, ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்வது. மாட்டுவண்டியும் கூடாரமுமாகத் திருநெல்வேலிச் சீமையில் சுற்றிக்கொண்டிருந்தார். 1901 மார்ச்சில், கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதற்காக வைத்திருந்த ஒரு சிறுமி தப்பி ஓடி வந்து அவர் மடியில் ஏறிக்கொண்டாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். 1913-க்குள் 130 பிள்ளைகள். பிள்ளைகள் வந்ததும் பயணம் நின்றது! பிரசங்கப் பயணம் பெரிதா, பாலூட்டுவதும் காய்ச்சலுக்கு விழித்திருப்பதும் பெரிதா என்று அவரிடமே கேட்டவர்கள் உண்டு. அவர் பிள்ளைகளோடு இருந்துவிட்டார். 1951 ஜனவரியில் இறக்கும் வரை, 55 ஆண்டுகளில் ஒருமுறைகூடச் சொந்த நாட்டுக்குப் போகவில்லை. கடைசி இருபது வருஷம் விழுந்து அடிபட்டுப் பெரும்பாலும் படுக்கை. அப்போதும் அதே வளாகம், அதே பிள்ளைகள். தலைக்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியைப் பிள்ளைகள் அங்கே வைத்தார்கள். அவருடைய மதநோக்கத்தோடு உடன்படாதவர்களும் இந்த 55 ஆண்டை மறுக்க முடியாது.

எல்லோரும் 55 வருஷம் தங்க முடியாதுதான். வெளிநாட்டுக் குழுவை விடுங்கள். நம் வீட்டு வழக்கம் ஒன்றும் இதில் இருக்கிறது. பிள்ளையின் பிறந்தநாளுக்குக் காப்பகத்தில் பிரியாணி போடுவது, அங்குள்ள குழந்தைகளை வரிசையில் நிற்கவைத்து வாழ்த்துப் பாடச் சொல்வது, செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் வைப்பது. சாப்பாடு நல்லதுதான். முகமே தெரியாத பிள்ளைக்காக மாதம் நாலு தடவை கைதட்டிப் பாடுகிற குழந்தையின் பிறந்தநாள் என்றைக்கு என்று யாராவது கேட்டார்களா? காப்பகக் குழந்தையின் பெயரையோ படத்தையோ ஊடகங்களில் வெளியிடுவதை 2015-ம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடுக்கிறது.

அதே சட்டம், காப்பகம் என்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு இல்லமும் பதிவு பெற்றிருக்க வேண்டும். குழந்தையை அங்கே சேர்ப்பதை மாவட்டக் குழந்தைகள் நலக் குழுதான் முடிவு செய்ய வேண்டும். தாயிடமே பிள்ளை வளர உதவியாக, தகுதியுள்ள குடும்பத்துக்கு 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் தருகிறார்கள். அப்பா இறந்து, பிள்ளையை எங்கேயாவது சேர்த்துவிடலாமா என்று தவிக்கிற அம்மாவைத் தெரிந்தால், காப்பக விலாசத்தைவிட முதலில் சொல்ல வேண்டியது இது. விவரத்தை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கலாம், அவசரத்துக்கு 1098.

இரும்பைக்கும் மரக்காணத்துக்கும் ஒரே நாளில் போய்வரலாம். உப்பு வாருவதைப் பார்க்க வேண்டும் என்றால் கோடையில், விடியற்காலையிலேயே உப்பளத்தில் இருக்க வேண்டும். பத்து மணிக்கு மேல் நிற்க முடியாது. வேலை செய்கிறவர்களும் அதற்குள் பெரும்பகுதியை முடித்துவிடுவார்கள். பறவை பார்ப்பவர்களுக்குப் பக்கத்திலேயே கழுவெளி இருக்கிறது. 2021-ல் சரணாலயமாக அறிவித்தார்கள், வலசைப் பறவைகள் பனிக்காலத்தில் வரும். கோயிலை மதியத்துக்கு முன் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் இரும்பையை மாலைக்கு வைத்துக்கொள்வது நல்லது.