பூக்காத தோட்டத்துக்கு ஒரு விசிட்

சேலம், நாமக்கல் வெயிலில் ஒரு மே மாதம் குடும்பம் நடத்தியவர்களுக்கு ஏற்காடு என்ற பெயரே ஒரு டம்ளர் நீர்மோர்! சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். 20 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவுக்குள் பின் சீட்டில் யாராவது எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்துவிடுவார்கள். மேலே போனால் நம்மவர்களின் புரோகிராம் மாறவே மாறாது. ஏரியில் போட், மிளகாய் பஜ்ஜி, லேடீஸ் சீட்டில் போட்டோ, ரிட்டர்ன்.

ஏரியிலிருந்து சற்றுத் தள்ளி, இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. 1963-ல் ஆரம்பித்தது. சுமார் 45 ஏக்கர். மத்திய அரசு இடம் என்பதால், திறந்திருக்கும் நாள், நேரம் விசாரித்துக்கொண்டு போவது உத்தமம். ஒரு நாள் லீவு போட்டு, புளிசாதம் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போனோம்.

உள்ளே தொட்டி... தொட்டி... மேலும் தொட்டி. பூ மட்டும் அங்கொன்றும் இங்கொன்றும். ஆர்க்கிட் ஒவ்வொன்றும் தன் சீஸன் வந்தால்தான் பூக்கும்.

"ஏங்க, இதுக்கா ஒரு நாள் லீவு?" என்றாள் மனைவி.

மானத்தைக் காப்பாற்றியது ஒரு குடுவைச் செடி. சொந்த ஊர் மேகாலயா மலைகள். இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே குடுவைச் செடி இனம் இதுதான். இலை நுனியில் மூடி போட்ட சின்னக் கூஜா தொங்குகிறது. தேனுக்கு ஆசைப்பட்டு வரும் பூச்சி, வழுவழு விளிம்பில் சறுக்கி உள்ளே விழுந்தால் அப்படியே ஜீரணம். போட்டுக்கு அடம் பிடித்த பையன், அதற்கப்புறம் நகரவே இல்லை!

ஆர்க்கிட்டைப் பார்த்துப் "புல்லுருவி" என்றார் பக்கத்தில் ஒரு பெரியவர். அது பாவம் ஸார்! புல்லுருவி மரத்தின் சாற்றையே உறிஞ்சும். மரத்தில் வாழும் ஆர்க்கிட், கிளையில் உட்கார இடம் மட்டும்தான் கேட்கும். மழையும் காற்றின் ஈரமும் அதற்குப் போதும். மாப்பிள்ளை வீட்டில் தங்கினாலும், சொந்த ரேஷன் கார்டோடு வந்து தங்குகிற மச்சான் மாதிரி.

ஆனால் வீடு இடிந்தால் குடித்தனமும் போச்சு. இந்த மலைக்கு 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்தார். பின்னாளில் பாக்ஸைட் சுரங்கமும் வந்தது. காடு குறைந்தால் ஆர்க்கிட்டுக்கு நோட்டீஸ்கூடக் கிடையாது. மறுபடி முளைப்பதும் லேசில்லை. தூசி போன்ற விதை. காட்டில் அது முளைக்க ஒரு பூஞ்சையின் தயவு வேண்டும். தென்கோடி அகத்தியமலைப் பக்கம், செருப்பு வடிவப் பூ பூக்கும் ஒரு மஞ்சள் ஆர்க்கிட் உண்டு. அதன் அழகுக்காகவே ஆட்கள் பெயர்த்துப் பெயர்த்து, அது அபூர்வமாகிவிட்டது. காட்டில் அழிந்தாலும் வம்சம் அறுந்துபோகாமல் இருக்கத்தான் இந்தத் தொட்டிகள். பூ இல்லை என்று கோபித்துக்கொள்வது, ஆஸ்பத்திரிக்குப் போய் யாரும் டான்ஸ் ஆடவில்லையே என்று கேட்பது போல.

முதலில் இந்தத் தோட்டம், அப்புறம் ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டில் நனைந்து, பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டால் கால் இங்கே வராது.

வெளியே வந்ததும் பையனுக்கு ஐஸ்க்ரீம். "வெனிலா வாசனையே ஒரு ஆர்க்கிட்டோட காயிலேர்ந்து வந்ததுடா" என்று, சேர்த்து வைத்திருந்த கடைசிப் பாடத்தையும் எடுத்துவிட்டேன்.

கரண்டியை நக்கிக்கொண்டே யோசித்தான்.

"அப்பா, இன்னொரு ஆர்க்கிட் வாங்கிக் குடுங்க."