ஜவ்வாது மலையில் ஒரு நாள்

வட ஆற்காட்டு மண்ணில் பிறந்தவர்க்கு ஜவ்வாது மலை புதியதன்று. வாணியம்பாடியில் நின்றாலும், திருப்பத்தூரில் நின்றாலும், போளூரில் நின்றாலும், கண்ணுக்கெட்டிய தூரத்தில் நீலத் திரை விரித்தாற்போல் அது கிடக்கிறது. அதனால்தானோ என்னவோ, அதை ஆயுள் முழுவதும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஒருமுறையேனும் ஏறிப் பாராதவர் நம்மிடையே பலர். ஏலகிரிக்குச் செல்லும் கூட்டம் இங்கே வருவதில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய இம்மலை, இன்று வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கிறது. செய்யாறு இங்கே பிறந்துதான் பாலாற்றோடு கலக்கிறது.

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவை அடுத்த சனிக்கிழமை இம்மலைக்கு ஏறினோம். உடன் வந்தவர்களைப் பற்றி ஒரு சொல். நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மூத்த பெண், கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயில்பவள். செபமாலை மாதத்தில் அவளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை ஓசூரில் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றுபவர். "கலியாணத்துக்கு முன் வரும் கடைசி விடுமுறை, தோழியரோடு ஒருநாள் எங்கேனும் போய்வர வேண்டும்" என்று அப்பெண் கேட்டாள். சேதி சம்பந்தி வீட்டுக்கு எட்டியது. மாப்பிள்ளையும் அவருடைய தாயாரும் தாங்களும் வருவதாகச் சொல்லியனுப்பினர். பெண்ணின் தாயார் யோசித்துப் பார்த்து, "அப்படியானால் சாமியும் வரட்டும்" என்று முடிவு செய்தார். இவ்வாறு தோழியர் இருவருக்காக ஏற்பட்ட பயணத்தில் பதினொரு பேர் வேனில் அடைபட்டோம். தோழியருள் ஒருத்தி வாணியம்பாடியைச் சேர்ந்த இஸ்லாமியப் பெண், அங்கேயே ஏறிக்கொண்டாள்.

ஆலங்காயத்தைத் தாண்டியதும் சாலை மேலேறத் தொடங்குகிறது. மார்கழி மூடுபனி இன்னும் விலகவில்லை. வளைவுக்கு வளைவு காற்றின் மணம் மாறுகிறது. ஒருகாலத்தில் சந்தன மரங்களுக்குப் பேர்போன காடு இது. மரம் போன கதையும், அதன் பொருட்டு மலைமக்கள் பட்ட பாடும் தனியே எழுதத் தக்கவை.

முதலில் நின்ற இடம் காவலூர். இவ்வளவு சிறிய ஊருக்கு உலக வானியல் நூல்களில் இடம் உண்டென்றால் புதியவர் நம்பமாட்டார். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுடன் இங்கே வானாய்வு தொடங்கிற்று. வானம் தெளிவாய் இருப்பதும், நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் வடவானையும் தென்வானின் பெரும்பகுதியையும் ஒருங்கே காணக் கூடுவதும் இவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணங்கள். 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வியாழனின் துணைக்கோளான கேனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டென்பதற்கான அறிகுறியை அவ்வாண்டே இங்கிருந்து கண்டனர். 1977-இல் யுரேனசைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்குச் சான்று அளித்த இடங்களுள் இதுவும் ஒன்று. 1988-இல் இங்கே கண்டறியப்பட்ட ஒரு சிறுகோளுக்கு நம் கணிதமேதை இராமானுஜன் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் மூலகாரணர் வேணு பாப்பு அவர்கள். 1949-இல், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்தபோதே ஒரு வால்மீனைக் கண்டறிந்தவர். 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கியை நம் நாட்டிலேயே செய்துவிட வேண்டும் என்று உறுதி பூண்டு, அதற்காகப் பல ஆண்டு உழைத்தார். ஆயினும் அது முற்றுப்பெறுமுன், 1982-இல் அவர் காலமானார். பணி நிற்கவில்லை. உடனிருந்தோர் தொடர்ந்து முடித்தனர். 1986 ஜனவரி 6-ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அத்தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயரைச் சூட்டினார். ஜனவரி 6 மூவரசர் திருநாள் அன்றோ! விண்மீனைப் பார்த்து வழிநடந்தவர்களின் நாளில் விண்மீன் பார்க்கும் கூடத்துக்குப் பெயரிட்டது தற்செயலே என்பதை அறிவோம்; ஆயினும் குருவானவரின் கண்ணுக்கு அது படாமல் போகுமா?

பகல் வேளையாதலால் விண்மீன் எதையும் நாம் காணவில்லை. மரங்களுக்கு மேலே வெண்ணிறக் கூண்டு மட்டும் தெரிந்தது. "தான் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்திருந்தால் அவர் தொடங்கியிருப்பாரா, ஃபாதர்?" என்று தோழியருள் ஒருத்தி கேட்டாள். மாப்பிள்ளை மறுமொழி சொன்னார்: "இருபது வருடம் ஆகும் வேலையைத் தொடங்குகிறவர் அதையும் யோசித்திருப்பார்." அதிகம் பேசாத பிள்ளை. அப்போதுதான் அவரை நாம் சற்றே கவனித்தோம்.

காவலூரிலிருந்து ஜமுனாமரத்தூர் செல்லும் வழியெல்லாம் சிற்றூர்கள். அறுவடை முடிந்த சாமை நிலங்கள், புளிய மரங்கள், பலா மரங்கள், கூரைவீடுகளுக்கிடையே புதிதாய் எழும்பிய மாடிவீடுகள். இங்கே வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் மலையாளி, தாய்மொழி தமிழே. புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்று இவர்கள் தம் ஊர்த்தொகுதிகளை நாடு என்றே வழங்குவர்.

இவர்கள் மலைக்கு வந்த வரலாறாக ஒரு கதையை 1909-இல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட நூல்தொகுதியில் காண்கிறோம். வேனில் அதைச் சொல்லிவந்தோம். கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்களாம். வேளாளர் ஏளனம் செய்து மறுத்தனர். வெகுண்ட வேடர்கள் ஏழு கன்னிப்பெண்களைத் தூக்கிச் சென்றனர். மீட்கப் புறப்பட்ட ஏழு ஆடவர் தம்முடன் ஏழு நாய்களை இட்டுச் சென்றனர். "நாய்கள் மட்டும் தனித்துத் திரும்பினால் நாங்கள் இறந்தோம் என்று எண்ணிக் கருமாதி செய்துவிடுங்கள்" என்று மனைவியரிடம் சொல்லிப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆடவர் நீந்திக் கரையேற, நாய்களோ பாதி ஆற்றில் திரும்பி ஊர்போய்ச் சேர்ந்தன. வேடரை வென்று இவர்கள் வீடு திரும்பியபோது, மனைவியர் கைம்பெண் கோலத்தில் இருந்தனர். இவர்களுக்குக் கருமாதி முடிந்திருந்தது. செத்தவனுக்கு ஊரில் இடமேது? சாதி விலக்கம் பெற்ற அவர்கள், வேடர் குலப் பெண்களையே மணந்து இம்மலையேறி உழவராயினர் என்று கதை முடிகிறது.

எல்லாரும் நாய்களைக் குறைகூறிக்கொண்டிருக்க, மணப்பெண் மட்டும், "அந்த ஏழு பெண்கள் என்ன ஆனார்கள், ஃபாதர்?" என்று கேட்டாள். கதை அதைச் சொல்லவில்லை. அவர்களை ஒருவரும் ஒன்றும் கேட்டதாகவும் இல்லை. கேட்டவர் ஒரு கூட்டம், மறுத்தவர் ஒரு கூட்டம், மீட்டவர் ஒரு கூட்டம். பலமுறை படித்த கதையில் இந்த இடம் நம் கண்ணில் பட்டது அன்றுதான்.

ஜமுனாமரத்தூரில் ஒரு வீட்டின் முற்றத்தில் நமக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கிடைத்தன. கடைசியில் தேன். வீட்டுப் பாட்டியிடம் மலைத் திருமணங்களைப் பற்றி விசாரித்தோம். மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரிசம் தரவேண்டும் என்பது இவர்களின் பழைய வழக்கம். "கீழே எப்படி?" என்று பாட்டி கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் நா எழவில்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். அது இன்னும் நம் பங்குகளின் படியேறி முடிக்கவில்லை. வாணியம்பாடித் தோழி, தங்கள் நிக்காஹில் மணமகன் மணமகளுக்கு மஹர் கொடுக்க வேண்டுமென்றும், பெண்ணின் சம்மதத்தைக் கேட்டே முடிப்பார்களென்றும் சொன்னாள். நம் திருச்சபைச் சட்டமும் இருவரின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது என்கிறது. அச்சம்மதத்தை எந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய முடியாது.

சாப்பிட்டு முடித்த அந்த வேளையில்தான், காலைமுதல் ஒருவரும் எடுக்காத பேச்சு வெளிவந்தது. திருநீற்றுப் புதனுக்கு முன்பே திருமணத்தை முடித்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளையின் தாயார் விரும்புகிறார். பெண்ணுக்குக் கடைசிப் பருவத் தேர்வு சித்திரையில். "படிப்பு எங்கே போகிறது சாமி? எங்கள் வீட்டிலிருந்தே எழுதட்டுமே. எனக்கும் உடம்பு முன்போல் இல்லை" என்றார் அந்த அம்மையார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கணவரை இழந்து ஒரே மகனை வளர்த்தவர். வீட்டில் விளக்கேற்ற ஒருத்தி வேண்டும் என்னும் ஏக்கம் அவர் குரலில் இருந்தது. பெண்ணின் பெற்றோர் தலைகுனிந்திருந்தனர். கொடுத்த வாக்கு என்னாகும் என்ற அச்சம் அவர்களுக்கு.

நிச்சயதார்த்தத்தைப் பற்றி நம் மக்களிடையே மயக்கம் நிறைய உண்டு. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1062-ஆம் விதி இதனைத் தெளிவாக்குகிறது. மண ஒப்பந்தத்தைக் காட்டித் திருமணத்தை நடத்தியே ஆகவேண்டும் என்று யாரும் வழக்காட முடியாது. இழப்பு நேர்ந்திருந்தால் அதற்கு ஈடு கேட்கலாம், அவ்வளவே. மரியன்னை வாழ்ந்த யூத சமுதாயத்தில் நிலைமை வேறு. அங்கே மண ஒப்பந்தமானவள் சட்டப்படி மனைவியே; விலக வேண்டுமாயின் மணவிலக்குச் சீட்டே எழுத வேண்டும். அத்தகைய கட்டுக்குள்ளிருந்தும் சூசையப்பர் அவசரப்படவில்லை, ஊரைக் கூட்டவுமில்லை. மறுநாள் திருக்குடும்பத் திருவிழாப் பிரசங்கத்துக்கு இதை வைத்திருந்தோம். அதன் பாதி அம்முற்றத்திலேயே செலவாகிவிட்டது.

வீட்டுக்காரர் அப்போது புலியூரைப் பற்றிச் சொன்னார். ஜமுனாமரத்தூரை அடுத்த அச்சிற்றூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் பெண், 23 வயதில், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்திய உரிமையியல் நீதிபதித் தேர்வில் வெற்றி பெற்றதை 2024 பிப்ரவரியில் நாளேடுகளில் வாசகர்கள் கண்டிருப்பர். மலையாளிப் பழங்குடியினர். ஏலகிரியில் பள்ளிப்படிப்பு, பின்னர் சட்டப்படிப்பு. இடையிலே திருமணம் ஆயிற்று, படிப்பை விடவில்லை. 2023 நவம்பரில் தேர்வு நெருங்கிய வேளையில் குழந்தை பிறந்தது. பிரசவமாகி ஓரிரு நாளே ஆன உடம்போடு சென்னைக்குப் பயணம் செய்து தேர்வெழுதினார். முதலமைச்சரே பாராட்டினார்.

"பார்த்தீர்களா சாமி! கலியாணமாகிக் குழந்தையும் பெற்று நீதிபதியாகவில்லையா?" என்று அம்மையார் மகிழ்ந்து கேட்டார். ஒரே கதை இரு பக்கத்துக்கும் சாட்சி சொல்லும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை.

பெண் நிமிர்ந்தாள். "அத்தை, அவர்கள் சென்னைக்குப் போனபோது துணைக்குப் போனது யார்?"

வீட்டுக்காரர்தான் விடை சொன்னார். வண்டி ஏற்பாடு செய்து, கணவரும் உற்றாரும் உடன்நின்று கூட்டிச்சென்றார்கள்.

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. முற்றத்தில் கோழிகள் சாமைத் தவிட்டைக் கிளறிக்கொண்டிருந்தன. பிறகு மாப்பிள்ளை தம் தாயாரைப் பார்த்து, "தேர்வு அன்று நான் விடுப்பு எடுத்துக்கொள்வேன் அம்மா. ஆனால் அவள் நம் வீட்டில் உலை வைத்துவிட்டுத் தேர்வுக்குப் போகவேண்டும் என்று நான் விரும்பவில்லை. பாஸ்காவுக்கு அப்புறம் வைத்துக்கொள்வோம்" என்றார். தாயார் உடனே இசையவில்லை. "உன் அப்பா இருந்திருந்தால்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பாட்டி எழுந்துவந்து அவர் அருகே அமர்ந்தார். இருவரும் தணிந்த குரலில் ஏதேதோ பேசினர். அதைக் கேட்பது முறையன்று என்று மற்றவர் விலகிக்கொண்டோம்.

மாலையில் பீமன் மடவு அருவியைப் பார்த்தோம். மழைக்காலம் முடிந்தும் தண்ணீர் நன்றாகவே விழுந்தது. தோழியர் மூவரும் பாறைமேல் அமர்ந்து சிரித்த சிரிப்பு அருவி ஓசையையும் மீறிக் கேட்டது. மாப்பிள்ளையின் தாயார் செருப்பைக் கழற்றிவிட்டு, மருமகளாகப் போகிறவளின் கையைப் பற்றிக்கொண்டு நீரில் இறங்கினார். "வழுக்கும் அத்தை, மெதுவாக" என்றாள் அவள்.

இருட்டுமுன் கீழிறங்கினோம். குளிர் நன்றாகக் கவிந்துவிட்டது. காவலூரைக் கடக்கையில் வேனை நிறுத்தச் சொல்லிப் பிள்ளைகள் இறங்கினர். நம் ஊர் விளக்கொளியில் பாதி மறைந்துபோகும் வானம் இங்கே விளிம்புவரை நிறைந்து கிடந்தது. பெண்ணின் தம்பி எண்ணத் தொடங்கி, நூற்றைத் தாண்டியதும் கைவிட்டான்.

சித்திரையில் எழுதவிருக்கும் தேர்வின் அட்டவணை இன்னும் வரவில்லை. வந்ததும் மேசையில் வைப்பதாகப் பெண் சொல்லியிருக்கிறாள். அதைப் பார்த்துத்தான் ஓலை வாசிக்கும் ஞாயிறுகளைக் குறிக்க வேண்டும் என்று சம்பந்தியம்மாளே நமக்குச் சொல்லியனுப்பியுள்ளார்.