க்ளவுஸ்ல தண்ணி

கொஞ்சம் நீளமான த்ரெட். நர்சிங் படிக்கிறவங்களுக்கும், வீட்ல அப்பா அம்மாவைப் படுக்கையில வச்சுப் பார்த்துக்கிறவங்களுக்கும் உதவலாம்.

சித்தி பொண்ணு பிஎஸ்சி நர்சிங் படிக்கிறா. போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு போன். "அண்ணா, நாளைக்கு ரிசர்ச் பேப்பர். ப்ராப்ளம் சால்விங், நர்சிங் ப்ராசஸ், ரிசர்ச் மூணுக்கும் வித்தியாசம் படிச்சுட்டு இருக்கேன். மூணுலயும் ஒரே ஸ்டெப்தான் இருக்கு. பிரச்சினையைக் கண்டுபிடி, தகவல் சேகரி, திட்டம் போடு, செய், சரியாச்சான்னு பாரு. இதுல வித்தியாசம் எங்க இருக்கு?"

நியாயமான கேள்வி. நானே இந்தக் குழப்பத்துல ஒரு தடவை நல்லா மாட்டியிருக்கேன். அவகிட்ட சொன்ன கதையையே இங்கயும் சொல்றேன்.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஆண்கள் மெடிக்கல் வார்டுல போஸ்டிங். பக்கவாதம் வந்தவங்க நிறைய பேர். கை கால் அசையாம ஒரே பக்கமா படுத்திருந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். இடுப்புக்குக் கீழ, குதிகால்ல, தோல் முதல்ல சிவக்கும். அப்புறம் கறுக்கும், பிஞ்சு போகும். படுக்கைப் புண்.

வார்டுல தலையணை பத்தாது. அதனால ஒரு பழைய வழக்கம்: கையுறையில தண்ணி நிரப்பி, முடிச்சுப் போட்டு, குதிகாலுக்குக் கீழ வைக்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. செலவே இல்லை! ஒரு நோட்டு போட்டேன். யாருக்கு க்ளவுஸ் வச்சேன், யாருக்கு வைக்கலை, யாருக்குப் புண் வந்துச்சுன்னு ரெண்டு மாசம் எழுதினேன். க்ளவுஸ் வச்சவங்கள்ல அநேகமா யாருக்கும் புண் இல்லை. வைக்காதவங்கள்ல நிறைய பேருக்கு வந்திருந்தது. மாநில அளவுல நடக்கிற ஒரு கான்ஃபரன்ஸுக்கு போஸ்டர் அனுப்பலாம்னு தலைப்பு வரைக்கும் யோசிச்சு வச்சுட்டேன்.

பெருமையா வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட நோட்டைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரெண்டு பக்கமும் நிதானமா படிச்சாங்க.

"டாக்டர், யாருக்கு க்ளவுஸ் வைக்கணும்னு யார் முடிவு பண்ணது?"

"நான்தான் சிஸ்டர். அட்டெண்டர் இருக்கிற பேஷண்டுக்கு வச்சேன். தண்ணி கசிஞ்சா மாத்த ஆள் வேணும்ல?"

"அட்டெண்டர் இருக்கிறவரை அவங்களே திருப்பிப் படுக்க வச்சுடுவாங்க. ஈரமானா துணி மாத்துவாங்க. வீட்லேர்ந்து கஞ்சி வரும். அப்புறம் புண் எங்கேர்ந்து வரும்?" அடுத்ததா நோட்டுல விரலை வச்சாங்க. "இதுல பாதிப் புண் இடுப்புல வந்தது. குதிகாலுக்கு வச்ச க்ளவுஸ் இடுப்புப் புண்ணை எப்படித் தடுக்கும்?"

எனக்கு முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியலை.

ரெண்டு மாசமா நான் அளந்துட்டு இருந்தது க்ளவுஸை இல்லை. பக்கத்துல ஒரு ஆள் இருக்கா இல்லையாங்கிறதைத்தான். 'வைக்கலை'ங்கிற பக்கத்துல இருந்தவங்கள்ல பாதிக்கு மேல யாருமே இல்லாதவங்க.

அதுல ஒருத்தர் பன்னெண்டாம் பெட். ரோட்டோரம் கிடந்தவரை 108ல கொண்டு வந்திருந்தாங்க. வலது பக்கம் வராது, பேச்சும் போயிடுச்சு. கேஸ் ஷீட்ல பேர் எழுதற இடத்துல 'அன்நோன், ஆண், சுமார் 60'. என் நோட்டுல அவர் ஒரு வரி: க்ளவுஸ் இல்லை, புண் உண்டு. என் முடிவுக்கு வலு சேர்த்த வரி அது. அந்தப் புண் சிவப்பா இருந்த நாள்லயே நான் பார்த்திருக்கேன். பார்த்தேன், எழுதிக்கிட்டேன், அடுத்த பெட்டுக்குப் போயிட்டேன்.

சிஸ்டர் அன்னைக்கு மத்தியானம் என்ன பண்ணாங்கன்னு சொல்றேன். முதல்ல பக்கத்து வார்டுல கெஞ்சி ரெண்டு தலையணை வாங்கிட்டு வந்தாங்க. தலையணை இல்லைங்கிறது பிரச்சினை, கிடைச்சதும் முடிஞ்சது. இது ப்ராப்ளம் சால்விங். யாரு எங்க வேணா செய்யலாம், வீட்ல மோட்டார் ஓடலைன்னா நாம செய்யறதும் இதுதான்.

அப்புறம் அந்த மனுஷர் பக்கத்துல உக்காந்தாங்க. தோல் எங்கெல்லாம் சிவந்திருக்கு, படுக்கை எத்தனை தடவை நனையுது, எவ்வளவு சாப்பிடறார், எந்தப் பக்கம் தானா உருளறார்னு ஒவ்வொண்ணா பார்த்தாங்க. இன்ன நேரம் இடது, இன்ன நேரம் வலது, இன்ன நேரம் மல்லாக்கன்னு ஒரு சார்ட் எழுதிக் கட்டில்ல மாட்டினாங்க. ஒவ்வொரு ஷிஃப்டுலயும் ஒரு ஸ்டூடண்ட் நர்ஸ் பொறுப்பு. மூணு நாள் கழிச்சு மறுபடியும் வந்து பார்த்தா, திருப்பிப் போட்ட கொஞ்ச நேரத்துல மனுஷர் பழைய பக்கத்துக்கே உருண்டுடறார். உடனே திட்டத்தை மாத்தி, முதுகுக்குப் பின்னாடி போர்வையைச் சுருட்டி வச்சாங்க.

இதுதான் நர்சிங் ப்ராசஸ். மதிப்பிடு, தேவையைக் கண்டுபிடி, திட்டமிடு, செய், திரும்பப் பாரு, மாத்து. அந்த ஒரு மனுஷர் வார்டுல இருக்கிற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும். போர்வை வித்தை பதிமூணாம் பெட்டுக்கு ஒத்து வருமான்னு சிஸ்டருக்குக் கவலை இல்லை, கவலைப்பட வேண்டியதும் இல்லை.

ரிசர்ச்சுக்குக் கவலை அங்கதான். யாருக்கும் இன்னும் பதில் தெரியாத ஒரு கேள்வி. வரப்போற பதில், இன்னும் அட்மிட்டே ஆகாத யாருக்கோ. அதனாலதான் அதுக்கு அவ்வளவு கெடுபிடி. க்ளவுஸ் யாருக்குன்னு நான் முடிவு பண்ணக் கூடாது, குலுக்கல்தான் முடிவு பண்ணணும். எதைப் புண்ணுன்னு எண்ணப் போறோம், எத்தனை பேரைப் பார்க்கப் போறோம்னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எழுதி வைக்கணும். நான் நினைச்சது தப்புன்னா அது தெரிஞ்சுடற மாதிரி ஏற்பாடு இருக்கணும். என் நோட்டுல இது எதுவுமே கிடையாது.

படுக்கைப் புண்ணுல அப்படிக் கேள்வி கேட்டவங்க ஒரு நர்ஸ்தான். இங்கிலாந்தில் டோரீன் நார்ட்டன். அந்தக் காலத்துல புண் வராம இருக்க தோல்ல ஸ்பிரிட், எண்ணெய், களிம்புன்னு ஆளுக்கொண்ணு தடவுவாங்க. நார்ட்டன் குழு முதியோர் வார்டுகள்ல ஆராய்ஞ்சு 1962ல அறிக்கை வெளியிட்டாங்க. எதைத் தடவறோம்ங்கிறதைவிட நேரா நேரத்துக்குத் திருப்பிப் படுக்க வச்சு அழுத்தத்தைக் குறைக்கிறதுதான் முக்கியம்னு அது காட்டுச்சு. யாருக்குப் புண் வர வாய்ப்பு அதிகம்னு மார்க் போட்டுப் பார்க்கிற நார்ட்டன் ஸ்கேலும் அதுல வந்ததுதான். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசைவு, மலம் சிறுநீர் கட்டுப்பாடு, இந்த அஞ்சுக்கும் மார்க். 20க்கு 14 அல்லது அதுக்குக் கீழன்னா ஜாக்கிரதை.

கதை அதோட நிக்கலை. ரெண்டு மணிக்கு ஒரு தடவைதான் திருப்பணுமா, மூணு நாலு மணி ஆகலாமான்னு அமெரிக்கா, கனடாவில் 27 முதியோர் இல்லங்கள்ல 942 பேரைக் குலுக்கல் முறையில பிரிச்சுப் பார்த்தாங்க. 2013ல முடிவு வந்துச்சு. மூணு குழுவுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. ஆனா அவங்க எல்லாரும் படுத்திருந்தது உயர் அடர்த்தி ஃபோம் மெத்தையில. ரெக்ஸின் கிழிஞ்ச நம்ம ஊர் மெத்தைக்கு இந்த முடிவை அப்படியே எடுத்துட்டு வராதீங்க. வீட்ல ஆளை வச்சுப் பார்க்கிறவங்களுக்கு நான் இன்னும் ரெண்டு மணி நேரம்னுதான் சொல்றேன்.

க்ளவுஸ் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. குதிகாலுக்குத் தண்ணி க்ளவுஸ் வைக்காதீங்கன்னு 2014ல வந்த சர்வதேச வழிகாட்டுதல்ல தெளிவாவே சொல்லிட்டாங்க. கெண்டைக்கால் முழுசுக்கும் கீழ தலையணை கொடுத்து, குதிகால் எதுலயும் படாம அந்தரத்துல நிக்கற மாதிரி வைங்க. போஸ்டர் மட்டும் போயிருந்தா, தப்பான ஒரு வழக்கத்துக்கு நானும் ஒரு சர்டிஃபிகேட் கொடுத்திருப்பேன்.

இதைவிட எனக்கு உறுத்தற விஷயம் வேற. நான் யார்கிட்டயும் அனுமதி கேட்கலை. சிகிச்சைன்னா அது உங்க நன்மைக்காக. ஆராய்ச்சின்னா உங்களால வேற யாருக்கோ நன்மை வரலாம், உங்களுக்கு ஒண்ணுமே கிடைக்காமலும் போகலாம். அதை முன்னாடியே சொல்லி, வேண்டாம்னா விலகிக்கலாம், அதனால சிகிச்சையில எந்தக் குறையும் வராதுன்னு சொல்லித்தான் சேர்க்கணும். நெறிமுறைக் குழு ஒப்புதலும் வேணும். ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்ல இதெல்லாம் விவரமா இருக்கு. தனக்காகப் பேச முடியாதவங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பும் உண்டு.

பன்னெண்டாம் பெட்டுக்காகப் பேச யாரும் இல்லை. வாயும் வராது. என் நோட்டுக்கு வசதியா இருந்தது அதுதான்.

ஒன்றரை மாசம் கழிச்சு அவரை ஒரு காப்பகத்துக்கு அனுப்பினோம். புண் நல்லா சின்னதாயிருந்தது, முழுசா மூடலை. ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது சிஸ்டர் அந்தத் திருப்பற சார்ட்டையும் மடிச்சு டிஸ்சார்ஜ் பேப்பரோட வச்சு விட்டாங்க. அவர் பேர் கடைசி வரைக்கும் தெரியலை.

இதெல்லாம் சொல்லி முடிக்கறப்போ மணி பதினொண்ணே கால். "அண்ணா, இதை எப்படி அஞ்சு மார்க்குக்குச் சுருக்குறது?"ன்னா. மறுநாள் சாயங்காலம் மெசேஜ் போட்டா. அந்தக் கேள்வி வரவே இல்லையாம்.