புல்லட்டும் ஒரு விர்கூலும்

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நடக்கலாம், படி ஏறலாம், கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று போய் வரலாம். ஒன்று மட்டும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "புல்லட்டை உதைக்கிற வேலை இனி வேண்டாம் சார்."

அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்க வேண்டியதில்லை. கூட வந்திருந்த என் மனைவி சொல்லியிருப்பாள்.

அந்த வண்டியைப் பற்றி இங்கே அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதியிருக்கிறேன். 1965 மாடல் புல்லட், 350 சி.சி., 6 வோல்ட் பேட்டரி. வலது காலில் கியர், இடது காலில் பிரேக். திருவொற்றியூரில் செய்தது. சென்னை மெட்ராஸ் மோட்டார்சும் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் ஊர்க் கம்பெனியும் சேர்ந்து 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் சரக்கு. வாங்கியவர் என் தாய்மாமா. 1969-ல் அவர் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போனபோது, "ஆறு மாசத்துல வந்து எடுத்துக்கறேன்டா" என்று சாவியை என் கையில் கொடுத்தார். அந்த ஆறு மாசம் இன்னும் முடியவில்லை.

மாமாவுக்கு வண்டியின் பாகமெல்லாம் பிரெஞ்சில்தான் வாயில் வரும். ஸ்பார்க் பிளக்கை 'பூஜி' என்பார். மெழுகுவத்திக்கும் பிரெஞ்சில் அதே சொல்தான். பாயிண்டை 'வீஸ் பிளாத்தினே' என்பார். எனக்கும் படிப்பு பிரெஞ்சு மீடியம் என்பதால் அது இயல்பாகவே இருந்தது. பள்ளியில் நாங்கள் அங்குலத்தைப் பார்த்ததே இல்லை. எல்லாம் மில்லிமீட்டர், சென்டிமீட்டர். தசம எண் எழுதும்போது நடுவில் புள்ளி வைக்க மாட்டோம், விர்கூல் போடுவோம். அதாவது கமா. இரண்டரை என்றால் 2,5. எல்.டி.சி.யாக வேலையில் சேர்ந்த பிறகும் முதல் இரண்டு வருஷம் ஸ்டேட்மென்டில் கமா போட்டுச் சூப்பரின்டென்டென்டிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்தக் கமாதான் இந்தக் கதை.

1977. மனைவிக்கு ஒன்பதாம் மாதம். வண்டிக்குப் புதுப் பாயிண்ட் போட வேண்டியிருந்தது. பாயிண்ட் மாற்றினால் டைமிங் பார்க்க வேண்டும். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே ஏறி உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னால் பாயிண்ட் திறக்க வேண்டும். அந்தக் கணத்தில்தான் பிளக்கில் பொறி விழும். எவ்வளவு முன்னால் என்பது முக்கியம். ஆங்கிலப் புத்தகத்தில் ஓர் அங்குலத்தில் 32-ல் ஒரு பங்கு என்று போட்டிருந்தது. நெல்லித்தோப்பில் ஒரு பாய் புல்லட் வேலைக்குப் பேர் போனவர். அவரிடம் போயிருக்கலாம். போகவில்லை. சம்பளத்தில் பிரசவச் செலவுக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்த சமயம். அதைவிட, எனக்கே தெரியும் என்ற திமிர்.

சனிக்கிழமை ஆபீசில் ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். 25,4-ஐ 32-ஆல் வகுத்தால் 0,79. சரி, 0,8 மில்லிமீட்டர். இங்க் பேனாவில் எழுதி மடித்துப் பையில் வைத்தேன்.

ஞாயிறு காலை கிணற்றடித் தாழ்வாரத்தில் வண்டியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டேன். பிஸ்டன் மேலே வந்ததும் கம்பியில் ஒரு கோடு. உறையை எடுத்துப் பார்த்தேன். அதற்குள் எண்ணெய்க் கட்டைவிரல் இரண்டு முறை அதன் மேல் பட்டிருந்தது. 08 என்று இருந்தது. ஸ்கேலை வைத்து 8 மில்லிமீட்டருக்கு இன்னொரு கோடு போட்டேன்.

8 மில்லிமீட்டர் அளக்கச் சுலபம். 0.8 மில்லிமீட்டரைப் போக்ஸ் கம்பியில் அளப்பது பெரும்பாடு. அவ்வளவு சுலபமாக முடிந்ததே எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும். மாறாக, பெருமையாக இருந்தது. பாயிண்டின் நடுவில் சிகரெட் தாளைச் செருகி, அது வழுக்கி வெளியே வரும் இடத்தில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி முடுக்கினேன். எட்டு மில்லிமீட்டர் முன்னால்.

பிஸ்டன் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே தீ பற்றினால் அது பிஸ்டனைக் கீழே தள்ளும். எஞ்சின் பின்பக்கமாகச் சுற்றும். கிக்கர் உங்கள் காலோடு திரும்பி மேலே வரும். மெக்கானிக்குகள் 'ரிட்டர்ன் அடிக்குது' என்பார்கள். பிரெஞ்சிலும் 'ரெத்தூர்' என்றுதான் சொல்வது. நான் முழு பலத்தோடு உதைத்தேன். அதுவும் முழு பலத்தோடு திருப்பி உதைத்தது. வலது கணுக்கால் எலும்பு முறிந்தது.

ஆறு வாரம் மாவுக்கட்டு. நாலாம் நாள் இரவு மனைவிக்கு வலி எடுத்தது. நான் கட்டிலில் கிடக்கிறேன். எதிர் வீட்டு அம்மா சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து, தன் மடியில் சாய்த்துக்கொண்டு அவளைப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். தெருமுனை வரைக்கும் ரிக்‌ஷா மணியைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். விடிகாலை ஆண் குழந்தை. நான் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பார்த்தேன்.

நெல்லித்தோப்பு பாய் சேதி கேட்டு வந்தார். டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன சார், இவ்ளோ முன்னாடி வச்சிருக்கீங்க? முன்ன எங்க இருந்துச்சு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பழைய இடத்தில் ஒரு கோடு கூடப் போட்டு வைக்கவில்லை. ஆபீசில் குறிப்பு எழுதாமல் ஒரு ஃபைலை மேஜை தாண்ட விடமாட்டேன். வீட்டில், உயிர் போகக்கூடிய ஒரு சாமானை எந்தக் குறிப்பும் இல்லாமல் திருப்பியிருக்கிறேன்.

மனைவி திட்டவில்லை. குழந்தைக்குப் பேர் வைத்த மறுநாள், தான் பால் கணக்கு எழுத வைத்திருந்த புது நோட்டு ஒன்றை என் கட்டிலில் வைத்தாள்.

"வண்டிய விக்கச் சொல்லல. ஆனா எந்தத் திருகாணியத் தொட்டாலும் இதுல எழுதுங்க. எங்க இருந்துச்சு, எங்க வச்சீங்க, ரெண்டும் வேணும். எனக்குப் புரியற மாதிரி எழுதுங்க, பிரெஞ்சுல இல்ல."

அப்படித் தொடங்கியது. இன்று ஐந்து நோட்டு.

அந்த நோட்டு என்னை ஒரு விஷயத்துக்குப் பழக்கியது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. முன்பெல்லாம் வண்டி இழுக்கவில்லை என்றால் பிளக்கையும் மாற்றி, கார்ப்பரேட்டரையும் கழுவி, பாயிண்டையும் தேய்ப்பேன். சரியாகிவிடும், எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடியும் மூன்றும். எழுத வேண்டும் என்று வந்ததும், ஒன்றைத் தொட்டு, ஓட்டிப் பார்த்து, எழுதி, பிறகுதான் அடுத்தது.

எழுதி வைத்தவை சேரச் சேர அவையே பேச ஆரம்பித்தன. பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது, கூடினதே இல்லை. காரணம், கேமில் உரசும் ஃபைபர் தேய்கிறது. அது தேய்ந்தால் பொறி தாமதமாக விழும், வண்டி மந்தமாகும். ஆகவே மந்தம் என்றால் முதலில் ஃபில்லர் கேஜை எடுப்பது, 0.38 மில்லிமீட்டர் பார்ப்பது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று வருஷா வருஷம் எழுதியிருந்தேன். மழை ஈரம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் இறங்குகிறது. ஒரு காய்ந்த துணியால் துடைத்தால் போதும். அதற்குப் போய் ஒரு வருஷம் கார்ப்பரேட்டரையே இறக்கியிருக்கிறேன். வெளியூர் போய் மூன்று வாரம் கழித்து வந்து உதைத்தால் வீடு முழுக்க வெள்ளைப் புகை. எஞ்சின் கெடவில்லை. நிற்கும்போது எண்ணெய் மெதுவாகக் கிராங்க் அறைக்குள் இறங்கிச் சேர்ந்துவிடுகிறது, அது எரிந்து தீர்ந்தால் புகை நிற்கும். இதெல்லாம் பாய்க்கு மனப்பாடம். எனக்கு நோட்டு சொல்லிக்கொடுத்தது.

ஸ்பானர் விஷயமும் அப்படித்தான். அந்தக் காலத்துப் புல்லட்டில் இங்கிலீஷ் மரைகள். மில்லிமீட்டர் ஸ்பானர் கிட்டத்தட்டப் பொருந்தும், அந்தக் கிட்டத்தட்டதான் நட்டின் மூலையை மழுக்கிவிடும். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய விட்வொர்த் ஸ்பானர்களைப் பொறுக்கிச் சேர்த்தேன். அதிலும் ஒரு குழப்பம் உண்டு. கால் அங்குலம் என்று பொறித்திருந்தால் ஸ்பானரின் வாய் கால் அங்குலம் இருக்காது. அது போல்ட்டின் விட்டம், தலையின் அளவு அல்ல. இரண்டாம் நோட்டின் அட்டையில் எந்த நட்டுக்கு எந்த ஸ்பானர் என்று முழுப் பட்டியலே இருக்கிறது.

இந்தப் பொங்கலுக்கு மகன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். அந்த 1977 குழந்தைதான், காதோரம் நரைத்துவிட்டது. மாட்டுப் பொங்கலன்று தாழ்வாரத்தில் நின்று வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அப்பா, உங்களால உதைக்க முடியாது. நிக்க நிக்கத் துருதான் பிடிக்கும். நம்ம ஊர் உப்புக் காத்து வேற. நல்ல விலைக்குக் கேக்கறாங்க, கொடுத்துடலாமே."

அவன் சொன்னது நியாயம். ஏற்கெனவே ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். டேங்கையும் நம்பர் பிளேட்டையும் போட்டோ எடுத்தார். நோட்டுகளைக் காட்டினேன். "அது வேணாம் சார், எஞ்சினைப் புதுசா கட்டிக்குவோம்" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

மகனிடமும் பதில் சொல்லாமல் முதல் நோட்டைக் கொடுத்தேன். "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாரு. பதினோராம் பக்கம்."

அவன் புல்லட் ஓட்டியதில்லை. அவன் அம்மா விட்டதில்லை. படித்துக்கொண்டே செய்தான். சாவி போட்டதும் ஆம்மீட்டர் முள் இடது பக்கம் சாயும். கிக்கரை மெதுவாக அழுத்து. முள் நடுவுக்கு வரும் இடத்தில் நில். டிகம்ப்ரஸர் பிடியை அழுத்திக்கொண்டு கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கு. பிடியை விடு. கிக்கரை மேலே வரவிடு. இப்போது உதை. பலம் வேண்டாம், முழு நீளம் வேண்டும்.

முதல் உதையில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் இருமியது. பெட்ரோல் திறந்திருக்கிறதா என்று கேட்டேன். திறக்கவில்லை. பதினோராம் பக்கத்தின் முதல் வரியே அதுதான், அவன் இரண்டாம் வரியிலிருந்து படித்திருக்கிறான். நான்காவது உதையில் எடுத்துக்கொண்டது. அந்தத் தட்தட் சத்தத்துக்கு மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். உதைத்தது யார் என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

வண்டியை நிறுத்திவிட்டு அவன் நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினான். அவன் பிறந்து இரண்டு வாரத் தேதி. அதில் 0,8 என்று பெரிதாக எழுதி, விர்கூலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன். அதன் கீழே தமிழில், எழுத்தால்: 'பூஜ்ஜியம் புள்ளி எட்டு. எட்டு அல்ல.' கால் முறிந்த கதை அவனுக்குத் தெரியும். காரணம் தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை. அவன் அம்மாவிடம் கூட, 'டைமிங் தப்பாயிடுச்சு' என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

"இதனாலதான் நீங்க ஆஸ்பத்திரிக்கு வரலையா?" என்றான்.

"இதனாலதான்."

அதற்கு மேல் இருவரும் ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை அவன் ஐந்து நோட்டையும் ஒவ்வொரு பக்கமாக போனில் படம் எடுத்தான். இரவு பத்து மணி ஆயிற்று. கிளம்பும்போது, "அடுத்த வருஷம் நானே எடுத்துட்டுப் போறேன்ப்பா. அதுவரைக்கும் யாரையாவது வச்சு உதைக்கச் சொல்லுங்க, நீங்க தொடாதீங்க" என்றான்.

பக்கத்து வீட்டுப் பையன் ஐ.டி.ஐ.யில் படிக்கிறான். ஒன்றுவிட்ட ஞாயிறு வந்து உதைத்துத் தருகிறான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஐந்தாம் நோட்டில் எழுதுகிறேன். போன ஞாயிறு அவன் பாயிண்டைத் திருப்பப் போனான். "முதல்ல பழைய இடத்துல கோடு போடு தம்பி" என்றேன். போட்டான்.

மகனுக்கு வண்டியை மாற்ற வேண்டிய காகிதங்களையும் தயார் செய்ய ஆரம்பித்துவிட்டேன். குமாஸ்தா புத்தி போகுமா? வேறு மாநிலம் என்பதால் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28, பெயர் மாற்றத்துக்கு 29, 30. எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, மேலே ஒரு கடிதமும் வைத்திருக்கிறேன். பழக்க தோஷத்தில் அதன் அடியிலும் எழுதிவிட்டேன்:

இணைப்பு: நோட்டுப் புத்தகங்கள் – 5.